குசினியில் பேர்த் நேரம்

பெப்ரவரி 9, ஞாயிறு

புல்லின் மேல் உறைபனி. ராகலையிலிருந்து லீக்ஸ் ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறிகள் வழக்கம் போல விடியுமுன்பே எழுப்பிவிட்டன. பாடசாலை இல்லாத நாளில் ஓர் உப அதிபருக்கு வேறு அலுவல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்வது ஒன்றுதான்: மகளின் அழைப்புக்குக் காத்திருப்பது.

இன்று பேசிய விடயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும், பழைய பழக்கம்.

பூரணி கல்யாணமாகி அவுஸ்திரேலியாவுக்கு, பேர்த் நகருக்குப் போய் இது இரண்டாவது வருடம். மாப்பிள்ளை வினோஜன் பூண்டுலோயாக்காரர். அங்கே படிக்கப் போய், பொறியியலாளராகி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டவர். மனைவி என்ற முறையில் பூரணிக்கு நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். முடிவு வரும் வரைக்கும் அவளிடம் இருப்பது ஓர் இடைக்கால விசா.

மெல்பேர்னில் இருக்கும் தர்ஷனாவுக்கு மே மாதத்தில் முதல் பிரசவம். தர்ஷனா, காலமாகிப்போன என் மைத்துனியின் மகள். தாயில்லாத பிள்ளை, பக்கத்தில் இருக்கத் தங்கை முறையான பூரணியை அழைக்கிறாள். பேர்த்துக்கும் மெல்பேர்னுக்கும் நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது. விமானத்தைத் தவிர வேறு வழி இல்லை.

வினோஜன் பொறுமையாக விளக்கினார். "மாமா, விசா கையில வர்ற வரைக்கும் இவ பிளேன்ல ஏறவே கூடாது. ஏறினா அந்த நிமிசமே கேஸ் கான்சல். அப்புறம் நேரா கொழும்புதான்."

"உள்நாட்டு விமானத்திலுமா?"

"எந்த பிளேனும் மாமா."

நான் பூரணியிடம் சொன்னேன்: "சட்டம் என்றால் சட்டம்தானே அம்மா. பொறுத்திரு." அவள், "சரிப்பா" என்றாள்.

சீதா குசினியில் இரண்டாவது கடிகாரம் ஒன்றை மாட்டி அதில் பேர்த் நேரம் வைத்திருக்கிறாள். "புள்ள சாப்பிட்டிருப்பாளான்னு தெரிய வேணாமா?" என்பது அவளுடைய நியாயம். அழைப்பு முடிந்த பிறகும் அந்தக் கடிகாரத்தின் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

பெப்ரவரி 13, வியாழன்

"சரிப்பா." இந்தப் பெண் எதற்காவது இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. சோறு குழைந்தால் கூடத் தண்ணீரின் அளவைப் பற்றி வாதாடுவாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்கள். இது புதிதல்ல; நான் கவனித்தது இன்றுதான். நான் பூரணியிடம் கேட்கும் கேள்விகளுக்கு வினோஜன் பதில் சொல்கிறார். உடம்பு எப்படி என்றேன். "நல்லா இருக்கா மாமா." பக்கத்து வீட்டுக்காரர்கள் பழக்கமா என்றேன். "இவளுக்கு அவங்க இங்கிலீசு புரியாது மாமா."

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலத்தில் கணிதம் கற்பித்தவள். அதே பூரணி இன்று தாயிடம் தக்காளி என்ன விலை என்று மட்டும் கேட்டாள். வேலைக்கும் போக முடியாதாம், அதுவும் விசாவாம்.

பாஸ்போர்ட் எங்கே என்று ஏனோ கேட்கத் தோன்றியது. "பத்திரமா என்கிட்ட இருக்கு மாமா."

பத்திரமாக.

பெப்ரவரி 22, சனி

சாமான் வாங்க ராகலைக் கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் சோலைமலை பருப்பை நிறுப்பார், பேச்சை நிறுப்பதில்லை. இன்று அவருடைய அக்கா மகன் அழகனின் புராணம். அழகனும் மனைவி லோஜினியும் பேர்த்தில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். லோஜினி போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மெல்பேர்ன் போய் வந்தது தெரியாது.

"அவளுக்கு விசா வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"எங்க சேர்! உங்க மகளுக்குப் போட்ட மாதிரியே தான் போட்டு வெச்சிருக்கு. ரெண்டு வருசம் ஆகுமாம்."

"அப்படியானால் விமானத்தில் எப்படி ஏற விட்டார்கள்?"

சோலைமலை தராசை விட்டுத் தலையைத் தூக்கினார். "நாட்ட விட்டுப் போனாத்தானே சேர் பிரச்சினை? மெல்பேர்ன் என்ன மெட்ராசுலயா இருக்கு? அங்கயெல்லாம் பிளேனு நம்ம நுவரெலியா பஸ் மாதிரி. பேரச் சொன்னா ஏத்திக்கிறான். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வேற போட்டிருக்கா எங்க வீட்டு மருமக!" பிறகு, கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி: "நீங்கதானே சேர் எங்க பயலுக்குப் புவியியல் படிச்சுக் குடுத்தீங்க? அவன் பெயிலானது சரிதான் போலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சீனி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் பக்கங்களைப் பரீட்சை விடைத்தாள் திருத்துவது போல வரிவரியாக வாசித்தேன். நாட்டை விட்டு வெளியேறினால் இடைக்கால விசா முடிந்துவிடும், அது உண்மை. நாட்டுக்குள் எங்கே போகவும், எதில் ஏறவும் தடை இல்லை. வேலை செய்யவும் தடை இல்லை. மயக்கத்துக்கு இடமே இல்லாத தெளிவான ஆங்கிலம். ஒரு பொறியியலாளருக்கு அது விளங்காமல் போயிருக்காது.

அப்படியானால் அவன் பொய் சொல்லியிருக்கிறான். தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, உண்மையை எடுத்து, வேண்டிய அளவுக்கு வெட்டி, என் மகளின் வாசலில் வேலியாக நட்டிருக்கிறான்.

என்னை இன்னொரு கேள்வி விடவில்லை. பட்டதாரி நான். இதை ஏன் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை? பூரணி ஏன் சந்தேகிக்கவில்லை?

தோட்டத்தில் பிறந்தவர்கள் துண்டிலேயே வளர்ந்தவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துண்டு. அரை நாள் மலையை விட்டு இறங்க ஒரு துண்டு. கொழுந்து மலையில் பெண்களை மேய்க்கும் கண்டாக்கு கையெழுத்துப் போட்ட கையகலக் கடதாசி. என் தகப்பனார் இந்த மண்ணிலேயே பிறந்து, நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வரைக்கும் எந்த நாட்டின் பிரசையாகவும் இல்லாதிருந்தார். எனக்குக் கொழும்பில் ஓர் இரவு தங்கவும் பொலிஸ் பதிவு வேண்டியிருந்தது. ஒரு நாட்டுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது எங்களுக்குத் தானாக விளங்கும் விடயமல்ல. கடதாசி வரவில்லை, அதனால் போக முடியாது என்றால் உடனே நம்பிவிடுவோம். நம்பாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

வினோஜன் பூண்டுலோயாவில் ஒரு கண்டாக்கின் மகன். இது அவனுக்குத் தெரியும்.

இம்மாதம் ஒன்பதாம் திகதியில் "சட்டம் என்றால் சட்டம்தானே" என்று எழுதியிருக்கிறேன். அதை வெட்டப் போவதில்லை. கிடக்கட்டும்.

பெப்ரவரி 25, செவ்வாய்

பத்தாம் தரத்துக்கு இன்று பாடம் இலங்கையின் ஆறுகள். கரும்பலகையில் நான் வரைந்திருந்தது அவுஸ்திரேலியா. பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

அழைப்பு வந்தது. நான் வாயைத் திறந்ததும் சீதா மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது. அதனால் பேர்த்தில் வெயில் எப்படி என்று கேட்டேன். வெயில் கடுமையாம்.

போனை வைத்த பிறகு சீதா சொன்னாள்: "இப்ப கேட்டீங்கன்னா அடுத்த வாரம் போனே வராது. அவ கொரலாவது கேக்குது, அதையும் கெடுக்காதீங்க."

"அதற்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கச் சொல்கிறாயா?"

"யோசிக்கச் சொல்றேன்."

நான் யோசித்தேன். கணவன் மனைவிக்குள் ஒன்றென்றால் முதலில் சம்பந்தி வீட்டில்தான் பேச வேண்டும். எங்களில் அதுதான் முறை. முறைப்படியே செய்வோம்.

மார்ச் 8, சனி

பூண்டுலோயாவுக்குப் போய் வந்தேன். இரண்டு பஸ். சீதா வரமாட்டேன் என்றாள்; போக வேண்டாம் என்றும் சொன்னாள்.

சம்பந்தி கந்தப்பன் ஓய்வு பெற்ற பிறகு நகரத்துக்கு மேலே கட்டிய வீடு. முன்னறைச் சுவரில் அரைக்கால் சட்டையும் தொப்பியும் கைத்தடியுமாகப் பழைய புகைப்படம்.

"வாங்க முத்துலிங்கம் சேர், வாங்க! சோத்து நேரத்துல வந்துட்டு டீ மட்டும் போதும்னா எப்படி? அழகம்மா, சம்பந்திக்கு எல போடு."

சாப்பிட வரவில்லை என்றேன். வினோஜன் பூரணிக்குச் சொல்லி வைத்திருப்பதையும், சட்டம் சொல்வதையும், குரலை உயர்த்தாமல், அருகருகே வைத்துக் காட்டினேன். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

மனிதர் மறுக்கவில்லை. அதுதான் என்னைக் குளிர வைத்தது. "உண்மையோ பொய்யோ சேர், புள்ளைக்கு ஒரு கட்டு வேணுமில்ல? தெரியாத ஊரு. நான் கண்டாக்கா இருந்த காலத்துல துண்டு இல்லாம ஒருத்தி மலைய விட்டு எறங்கியிருப்பாளா? எவ கெட்டுப் போயிட்டா?"

"அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். என் மகள் உங்கள் மகனிடம் சம்பளத்துக்கு இல்லை."

"அதத்தான் சேர் நானும் சொல்றேன். சம்பளத்துக்கு இருக்கிறவளையே அப்படி வெச்சிருந்தோம். வீட்டுல வெச்சுச் சோறு போடுறவள எப்படி வெச்சிருக்கணும்?"

அழகம்மா தேநீர்க் கோப்பையோடு கதவருகில் நின்றிருந்தார். "குடிங்க சேர், ஆறிடும்" என்று மட்டும் சொன்னார்.

நான் எழுந்து நின்று பேசியது, நான் பேசியவற்றிலேயே திருத்தமானது என்று நினைக்கிறேன். ஒரு சொல் மிகையில்லை. உங்கள் மகன் பொறியியலாளனாகவில்லை, உங்கள் உத்தியோகத்தைத்தான் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறான் என்றேன். மலை ஒன்று, கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, கண்டாக்கு ஒருவன், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். கந்தப்பன் சிரிப்பதை நிறுத்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸில், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அழைப்பு இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

வினோஜனிடமிருந்து வாட்ஸ்அப்பில்: "மாமா, எங்க குடும்ப விசயத்த நாங்க பார்த்துக்குவோம். பூரணிக்குக் கொஞ்ச நாள் ரெஸ்ட் வேணும். கோல் எடுத்து டிஸ்டர்ப் பண்ண வேணாம்."

பூரணியின் இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடிக்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

சீதா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பேசி செயிச்சிட்டு வந்தீங்க. புள்ள அங்க ஊமையா இருக்கா."

 

மார்ச் 19, புதன்

சாதாரண தரப் பரீட்சைக்கு மண்டப மேற்பார்வை. வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவி தண்ணீர்ப் போத்தலை எதிரிலேயே வைத்துக்கொண்டு, குடிக்க அனுமதி கேட்டுக் கையை உயர்த்தியபடி இருந்தாள். எவ்வளவு நேரமாக உயர்த்தியிருந்தாளோ. முப்பது வருடமாக இதை நல்லொழுக்கம் என்று கற்பித்து வந்திருக்கிறோம்.

மார்ச் 30, ஞாயிறு

பேர்த் பொலிசாருக்கு எழுதலாமா என்று யோசித்து, எழுதியும் பார்த்தேன். என் மகளை அடிக்கிறானா? தெரியாது. பட்டினி போடுகிறானா? தெரியாது. விமானத்தில் ஏற முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறான். இதற்கு என்ன பெயர் என்று எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.

தர்ஷனாவிடம் பேசினேன். அவளுடைய அழைப்புகளையும் பூரணி எடுப்பதில்லையாம். "நான் நேரா போய் நிக்கலாம்னா இந்த வயித்தோட ஏத்த மாட்டாங்க சித்தப்பா. அவ ஏறலாம், ஏற மாட்டேங்கிறா. நான் ஏறணும், ஏற முடியாது. நல்ல கூத்து" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

பின்னேரம் இடி. மழை பெய்யவில்லை. வாசலுக்கும் பாதைக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இல்லை.

ஏப்ரல் 12, சனி

சீதா வருடப் பிறப்புக்குச் சர்க்கரை வாங்கச் சோலைமலை கடைக்குப் போனாள். போனவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வந்தாள். இவ்வளவு நேரம் என்ன என்று கேட்டேன்.

"கூட்டம்" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள் - சித்திரைப் புத்தாண்டு

கந்தப்பன் குடும்பத்தில் ஓர் ஏற்பாடு உண்டு: வருடப் பிறப்பன்று பூண்டுலோயா, பேர்த், நாங்கள், மூன்று வீடும் ஒரே வீடியோ அழைப்பில். பெரியவர்களிடம் ஆசி வாங்காமல் அவர்கள் வருடத்தைத் தொடங்குவதில்லை. வினோஜன் மனைவியை ஒளித்து வைக்கலாம். வருடப் பிறப்பை அவன் தாயிடமிருந்து ஒளிக்க முடியாது.

ஆறு வாரத்துக்குப் பிறகு என் மகளின் முகத்தைப் பார்த்தேன். பச்சைச் சேலை. மெலிந்திருந்தாள். அவள் தோளை ஒட்டி அவனுடைய தோள். எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னோம். கந்தப்பன் என்னைப் பார்க்காமல் எனக்கு வாழ்த்துச் சொன்னார். நான் அதே முறையில் திருப்பிச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே விடயத்தை இத்தனை காதுகளுக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக வாக்கியம் கோத்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்போது சீதா பட்சணத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினாள்.

"சம்பந்தியம்மா, நம்ம ராகலை சோலைமலை வீட்டுக் கூத்தக் கேட்டீங்களா? அவரு அக்கா மகன் பொண்டாட்டி லோஜினின்னு ஒண்ணு, அதுவும் பேர்த்துலதான் இருக்கு. மெல்பேர்னுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கு, பிளேன்ல. போற பொண்ணு கைப்பையில மாசிச் சம்பல் போத்தல வெச்சுக்கிட்டுப் போயிருக்கு. மேல போனதும் மூடி தொறந்துக்கிச்சாம்!"

அழகம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டார். "அய்யய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிளேன் முழுக்க மாசி வாசம். வெள்ளக்காரன் எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான்."

"புருசன்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் எங்க வந்தான்? அது தனியாத்தானே போச்சு."

"தனியாவா!" அழகம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "அதுக்கு விசாவெல்லாம் வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு? நம்ம பூரணி மாதிரி அதுவும் காத்துக்கிட்டுத்தான் கெடக்கு. உள்ளூருக்குள்ள போக எதுக்குங்க விசா? பாஸ்போட்டுக் கூட யாரும் கேக்கலையாம். பேரச் சொன்னுச்சாம், ஏறிருச்சாம்."

வினோஜன் குறுக்கே வந்தான். "அத்தை, அது வேற மாதிரி கேஸ்..."

"இருக்கும் மாப்ள. எனக்கு என்ன தெரியும்? நான் சம்பல் கதையச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அழகம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தாய் சிரிக்கும்போது அவனால் அழைப்பை அறுக்க முடியவில்லை. பூரணி சிரிக்கவில்லை. திரையை நேராகப் பார்த்தாள். என்னை அல்ல, தாயை.

"அம்மா, லோஜினிக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சாம்டி. கேட்டா குடுப்பாங்களாம். கேக்கணும்."

"ஓ" என்றாள். பிறகு எல்லோருக்கும் கையசைத்தோம்.

அழகம்மா தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? இந்தக் கேள்வியோடுதான் இரவுச் சாப்பாட்டை முடித்தேன். சீதாவிடம் கேட்டதற்கு, "கதவுக்குப் பக்கத்துல நின்ன பொம்பளைதானே அவங்க?" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அழைப்பு வந்தது. வருடப் பிறப்போடு தண்டனை முடிந்தது போலும். ஸ்பீக்கர்தான். பூரணி பேசியது ஒன்றே: "கறிவேப்பிலச் செடி நல்லா வந்துருக்கும்மா. யாராவது நல்லவங்களாப் பார்த்துக் குடுத்துரலாம்னு இருக்கேன். கோவில்ல லோஜினியப் பார்த்தேன், அவங்க கேட்டாங்க."

"குடுத்துரு" என்றாள் சீதா. "தொட்டியோட குடுத்துரு."

நான் ஏப்ரல் மாதத்து மழையைப் பற்றிப் பேசினேன். மிகச் சரளமாகப் பேசினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அழைப்பு வந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் ஓட்டிக் கேட்கிறேன்.

மே 2, வெள்ளி

மலை யாத்திரைக்காக நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களில் வெள்ளை உடுத்த பக்தர்கள். பருவம் முடியப் போகிறது. இரவில் ஏறி, விடிந்ததும் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

எனக்கு வாசிப்பு ஓடவில்லை. விடைத்தாள்கள் கட்டோடு இருக்கின்றன. சீதாவிடம், ஏதாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா நீங்க யார்கிட்டயாவது போய் நல்லாப் பேசுவீங்க" என்றாள்.

நியாயம்.

மே 8, வியாழன்

பாடசாலை விட்டு வந்து சேர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வினோஜனின் அழைப்பு. வணக்கம் இல்லை, மாமா இல்லை.

"பூரணி அங்க பேசினாளா?"

"இல்லை."

"காலையில வேலைக்குப் போய்ட்டு வர்றேன், வீட்டுல இல்ல. போன வெச்சிட்டுப் போயிருக்கா. எங்க போனான்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.  நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"அவள் அதிக தூரம் போயிருக்க முடியாதே, மாப்பிள்ளை. விமானத்தில் ஏறக் கூடாதல்லவா? ஏறினால் அந்த நிமிடமே கேஸ் கான்சல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நடந்து போகக்கூடிய இடங்களில் தேடிப் பாருங்கள்."

 போனை வைத்துவிட்டான்.

சீதா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கைகளை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டாளா?"

"வீட்டில் இல்லையாம்."

"ஏறிட்டாளாங்கிறேன்."

"தெரியாது சீதா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு! உனக்குத் தெரியாதா? புள்ள தனியா— கையில காசில்ல, போனில்ல, அந்த ஊர்ல எவன நம்பிப் போனா..."

"கத்தாதீங்க" என்றாள். "போன் வந்தா கேக்காது."

மே 9, வெள்ளி

தெரியாத இலக்கம். காலை; சீதா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்; மாக்கையோடு வந்து என் தோளுக்கு மேல் நின்றாள்.

"அப்பா."

ஸ்பீக்கர் இல்லை. அது முதல் சொல்லிலேயே தெரிந்தது. நான் சீதாவுக்காகப் போட்டேன்.

லோஜினி கறிவேப்பிலைத் தொட்டியை எடுத்துப் போக வந்தாளாம். தொட்டியோடு பூரணியும் காரில் ஏறிவிட்டாள். டிக்கெட், லோஜினி சொல்லியனுப்பித் தர்ஷனா எடுத்து வைத்திருந்தது. விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது பூரணி கையில் கடதாசி எல்லாம் அடுக்கி வைத்திருந்தாளாம்: விசாக் கடிதத்தின் பிரதி, கல்யாணச் சான்றிதழின் பிரதி, பட்டச் சான்றிதழ் கூட. நம் பிள்ளைதானே.

"யாருமே கேக்கலப்பா. நானே நீட்டினேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு, வேணாம், உள்ள போங்கன்னா. நான் போகாம நின்னுக்கிட்டிருந்தேன். போகலாமான்னு திரும்பவும் கேட்டேன். ஏன் கேக்குறீங்கன்னு கேட்டா. எனக்கு... எனக்குப் பதில் தெரியலப்பா."

எனக்கும் தெரியாது என்றேன்.

தர்ஷனா போனை வாங்கினாள். இப்படிப்பட்ட வழக்குகளைக் கட்டணம் இல்லாமல் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரைக் கண்டிருக்கிறாளாம். கணவனை விட்டு வந்தாலும், காரணம் இதுவானால், வதிவிட விண்ணப்பத்தை அப்படியே தொடரக் கேட்க ஒரு வழி இருக்கிறதாம். கிடைக்குமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். "வந்தா வருது, வராட்டி பார்ப்போம் சித்தப்பா. இப்ப அவ தூங்கணும்."

கடைசியாகச் சீதா மாக்கையால் போனைப் பிடுங்கி ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஜன்னல் சீட்டா?"

"ஆமாம்மா. கேட்டேன்."

மே 11, ஞாயிறு

நாளை வெசாக். கடைவீதியில் கடதாசி விளக்குக் கூடுகள் கட்டுகிறார்கள். சோலைமலை என்னைக் கண்டதும் கடையை விட்டு இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, அதாவது பாதி ராகலைக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க வீட்டு மருமக எப்படி சேர்?" என்றார். உங்கள் மகன் புவியியலில் பெயிலானதற்கு நான்தான் காரணம், மன்னிக்க வேண்டும் என்றேன். சந்தோசத்தில் எனக்குச் சீனி கூடுதலாகப் போட்டார்.

கந்தப்பன் மூன்று தடவை அழைத்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. முறைப்படி பேச வேண்டியதை மார்ச் மாதமே பேசிவிட்டேன்.

விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான். வினோஜன் அதை என்ன செய்வான் என்பதும் தெரியாது. நான் வாசலுக்கும் பாதைக்கும் நடப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

நடந்துவிட்டு உள்ளே வந்தபோது சீதா குசினியில் முக்காலி மேல் ஏறி நின்று, சுவரிலிருந்து இரண்டாவது கடிகாரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். முக்காலியின் ஒரு கால் ஆடும். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவள் கடிகாரத்தைத் திருப்பி, பின்னாலிருந்த சிறு சக்கரத்தை விரலால் சுழற்றினாள்.

"எவ்வளவுங்க? ரெண்டு மணி கூட்டணுமா?"

"இரண்டுதான்."

கூட்டி, மறுபடி மாட்டி, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்படின்னா சாப்பிட்டிருப்பா" என்றாள்.